கோலா செப்பெத்தாங்கில் ஒரு நடமாடும் வீடு

பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் ஜெலாப்பாங்கில் நின்று பார்த்தால் தெரியும். கூரையில் கூடாரம் கட்டிய ஹைலக்ஸ், உள்ளே கட்டில் போட்ட பழைய வேன், பெரிய மோட்டார்ஹோம் என்று வட-தென் நெடுஞ்சாலையைப் பிடிக்கக் கிளம்பிவிடுகின்றன. கோவிட் காலத்தில் எல்லை மூடியபோது தொற்றிக்கொண்ட ஆசை இது. எல்லை திறந்த பிறகும் விடவில்லை.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. மலைப்பக்கம் மட்டும் வேண்டாம் என்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் இறந்ததை அவர் மறக்கவில்லை. ஆகவே கடலோரம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த அம்மா என்று ஐந்து பேர், வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமில் கோலா செப்பெத்தாங்குக்குப் போனோம்.

முதலில் எல்லாரும் கேட்கும் கேள்வி, லைசென்ஸ். வண்டியின் வெற்று எடை 3,500 கிலோவைத் தாண்டாவிட்டால் நம் கையில் இருக்கும் சாதாரண ‘டி’ உரிமம் போதும். சொந்த வேனை மாற்றிக் கட்ட நினைப்பவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியை வாங்கிய பிறகு வெல்டிங் கடைக்குப் போவது நல்லது. வண்டியின் உயரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல கார் நிறுத்துமிடங்களில் குறுக்கே இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

சாங்காட் ஜெரிங்கில் இறங்கி, மாத்தாங் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். பழைய பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங்கின் ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக, மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி ஓடியது இந்தத் தடத்தில்தான். ஏறக்குறைய 13 கிலோமீட்டர். தண்டவாளம் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். தண்டவாளம் இன்று இல்லை. கடைத்தெருவில் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும். பிள்ளைகள் தமிழ் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். இந்தப் பலகைக்காகவே ஒருமுறை போகலாம் என்பது என் கட்சி.

எங்கே நிறுத்துவது? கடலோர ஊர் என்றதும் மணல், தென்னை, அலை என்று கற்பனை செய்யாதீர்கள். இது ஆற்று முகத்துவாரம். சேறும் சதுப்புநில மரமும்தான். படகுத்துறையை ஒட்டிய இடமெல்லாம் ஐஸ் லாரிக்கும் மீன் கூடைக்கும் வேண்டிய இடம். காலியாகத் தெரிந்தாலும் விடியற்காலையில் காலியாக இருக்காது. நாங்கள் ஓர் உணவுக்கடைத் தவுக்கேயிடம் போய், கடையின் பின்புறத் திடலில் இரண்டு இரவு நிறுத்தலாமா என்று கேட்டோம். “போலே, தாப்பி ஆயர் கோத்தோர் ஜாங்கான் புவாங் சினி,” என்றார். நிறுத்திக்கொள், அழுக்குத் தண்ணீரை மட்டும் இங்கே கொட்டாதே. வாடகை கேட்கவில்லை. இரண்டு இரவும் அவர் கடையிலேயே மீ உடாங் சாப்பிட்டோம்.

கடல் பெருக்கையும் பார்த்து நிறுத்த வேண்டும். இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றம் அதிகம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்க இருட்டு வேண்டும், அதற்கு அமாவாசைதான் தோது. அதே நாட்களில்தான் தாழ்வான திடலில் தண்ணீர் ஏறும். நிறுத்தும் முன் தரையைப் பாருங்கள். காய்ந்த சேற்றுக் கோடு தெரிந்தால் தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

இரவில் வெக்கை, கொசு, கொசுவைவிடச் சின்னதாக இருந்து அதிகமாகக் கடிக்கும் ஆகாஸ். ஜன்னலுக்கு நெருக்கமான வலை கட்டாயம். வெக்கை தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கான் போட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கேஸ் அடுப்பையும் எல்லாவற்றையும் மூடிய வண்டிக்குள் பற்றவைக்கக்கூடாது. நாங்கள் ஒரு பேட்டரி விசிறியை வைத்துச் சமாளித்தோம்.

இருட்டோடு படகுச் சத்தம் கேட்டு அம்மா எழுந்து வெளியே போய் நின்றார். “நம்ம பெரட்டு மாதிரியே இருக்கு தம்பி, பேச்சே இல்லாம போறாங்க பாரு,” என்றார். பெரட்டு என்றால் என்ன என்று மகள் கேட்டாள். விடியும் முன்னே தோட்டத்தில் பெயர் கூப்பிடுவதைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்து, காலைப் பசியாறல் ஒரு மணி நேரம் தாமதமாயிற்று.

பகலில் பார்க்க நிறைய உண்டு. ஏறக்குறைய 40,000 ஹெக்டர் மாத்தாங் சதுப்புநிலக் காட்டை, நூறாண்டுக்கும் மேலாகத் திட்டம் போட்டு வெட்டி வளர்க்கிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் அதே இடத்தில் அடுத்த பெருவெட்டு 30 ஆண்டு கழித்துத்தான். கவிழ்த்த சட்டி போன்ற செங்கல் சூளைகளில் பாக்காவ் மரம் வாரக்கணக்கில் வெந்து கரியாகிறது. சூளையின் புகை மணத்தை வைத்தே உள்ளே மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று வேலைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். படகில் போனால் செம்பருந்துகள் வட்டமிடும். கருட தரிசனம் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். படகுக்காரர்கள் கோழித்தோல் எறிந்து அவற்றை வரவழைப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இப்போது தவுக்கே சொன்ன அழுக்குத் தண்ணீருக்கு வருகிறேன். யாரும் புகைப்படம் எடுத்துப் போடாத விஷயம் இதுதான். வண்டிக் கழிப்பறையின் அடியில் சூட்கேஸ் போல ஒரு பெட்டி இருக்கும், சுமார் 20 லிட்டர். ஐந்து பேருக்கு இரண்டு நாளில் நிறைந்துவிடும். ஐரோப்பாவில் முகாமுக்கு முகாம் இதைக் காலி செய்ய இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஓர் இடம் கிடைப்பது அபூர்வம். அதனால் ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றில் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஆறு போய்ச் சேரும் சேற்றில்தான் கெராங் வளர்கிறது. கெராங் தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர். தண்ணீரில் உள்ள கிருமியும் அதன் உடலில் சேரும். நாமோ அதை அரைவேக்காட்டில்தான் விரும்பிச் சாப்பிடுகிறோம். டைபாய்டும் ஹெப்பட்டைட்டிஸ் ஏ-யும் பரவ வேறு வழி தேட வேண்டாம். மேற்குக் கரையில் கெராங் விளைச்சல் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துபோய், பிழைப்பு ஆட்டம் கண்ட குடும்பங்கள் உண்டு. ஆற்றின் மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகளின் கழிவும் அங்கேதானே போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். அது அந்த ஊர் தீர்க்க வேண்டிய பிரச்சினை. விருந்தாளி தன் பங்குக்கு 20 லிட்டர் சேர்க்க அது காரணமாகாது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. குளியலுக்கும் கழிப்பறைக்கும் முடிந்தவரை கடைகளிலும் பொது இடங்களிலும் காசு கொடுத்துப் போனோம். வண்டிப் பெட்டி இரவு அவசரத்துக்கு மட்டும். எண்ணெய்த் தட்டுகளைக் காகிதத்தில் துடைத்துவிட்டுக் கழுவினால் பாத்திரத் தண்ணீர் பாதியாகும். அதையும் வண்டியின் கழிவுத் தொட்டியிலேயே பிடித்து வைத்தோம். கழிப்பறை மருந்து வாங்கும்போது ஃபார்மால்டிஹைட் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அது கலந்த மருந்து வீட்டுச் செப்டிக் தொட்டியில் கழிவை மக்கவைக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும்.

திரும்பும்போது நிறைந்த தொட்டிகளின் எடையும் நம்மோடு வரும். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டியதும் ஜெலாப்பாங்கை நோக்கி நீண்ட இறக்கம். முன்பு அதன் அடியில் டோல் சாவடி இருந்த காலத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த லாரிகளைப் பற்றி ஊர்க்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். சாவடி போய்விட்டது, இறக்கம் அப்படியேதான் இருக்கிறது. சுரங்கத்திலேயே கியரைக் குறைத்து, இடது தடத்தில், லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக இறங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழிப்பறையில் கவிழ்த்து, இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைக்க இருபது நிமிடம் ஆனது.