‘கரண்ட் வைத்தல்’ என்பது மின்சாரமா? மின்காந்தக் கதிர்களும் மருத்துவப் பயன்பாடும்

புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையை மதுரை வட்டாரத்தில் பலரும் ‘கரண்ட் வைப்பது’ என்றே கூறுகின்றனர். பாலரெங்காபுரத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுமாறு கூறப்படுவோர் சிலர் இச்சொல்லாலேயே அஞ்சுவதுண்டு. இச்சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை; பெரும்பாலும் ஒளியின் இனத்தைச் சேர்ந்த, அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் மிக்க கதிர்களே செலுத்தப்படுகின்றன.

வானொலி அலை, நுண்ணலை, அகச்சிவப்புக் கதிர், கட்புலனாகும் ஒளி, புற ஊதாக் கதிர், எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகிய அனைத்தும் மின்காந்த அலைகளே. அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும். வரிசையின் இறுதியிலுள்ள எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்க வல்லவை. புற்றணுக்களை அழிப்பதும், தேவையின்றிப் பட்டால் தீங்கு செய்வதும் இதே பண்புதான்.

எல்லா ஸ்கேன்களும் இத்தகையவை அல்ல. எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் பயன்படுத்துகிறது. அங்கு அபாயம் உலோகத்தால் விளைவது: ஊக்கு, அரைஞாண், தாயத்து ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும், இதயமுடுக்கி பொருத்தியிருப்பின் முன்னரே கூற வேண்டும். தாலியின்றி இருக்கத் தயங்குவோர் அன்று விரலிமஞ்சள் கட்டிய கயிற்றை அணிந்து வரலாம். கர்ப்பகால அல்ட்ராசவுண்டு வெறும் ஒலியலையே.

இயற்கையிலிருந்து ஒருவர் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்-ரேயின் அளவு 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோ, சி.டி. ஸ்கேனில் இது பல மில்லிசீவர்ட் வரை செல்லும். எனவே பழைய படங்களை உடன் கொண்டு சென்றால், அதே பரிசோதனையை மீண்டும் செய்வதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ள பெண்கள் படம் எடுக்கும் முன்பே தெரிவித்தல் அவசியம்.

வெளியிலிருந்து கதிர் செலுத்தப்பட்டவரின் உடலில் அது தங்குவதில்லை. அவர் பேரக்குழந்தையைத் தூக்கலாம்; குடும்பத்தாருடன் உண்ணலாம், உறங்கலாம். (தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர் மட்டும் மருத்துவர் கூறும் நாட்கள் விலகியிருக்க வேண்டும்.) சோர்வும் தோல் சிவப்பும் தோன்றுவது இயல்பு. அவற்றைக் கண்டு சிகிச்சையை இடையில் நிறுத்தினால் நோய் மீளும் வாய்ப்பு கூடும்; மருத்துவக் குழுவிடம் கூறினால் தணிக்க வழியுண்டு.

கதிர் பட்ட இடத்தில் மருத்துவரைக் கேளாமல் மஞ்சளோ எண்ணெயோ பூசுதல் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் அத்தோலை மேலும் புண்ணாக்கும். ஆகவே சிகிச்சை முடிந்து நண்பகலில் ஊர் திரும்புவோர் அவ்விடத்தைத் தளர்ந்த பருத்தித் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.