குறைவு என்று வந்த மருந்து

எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு நெடுநாளாக வலிப்பு. பெனிட்டோயின் குடிக்கிறார். ஆளும் மெலிந்துவிட்டார். இரத்தத்தைச் சோதித்ததில் மருந்து குறைவு என்று வந்ததால் அளவைக் கூட்டினார்கள். இப்போது நடக்கத் தள்ளாடுகிறார், கண்மணி ஆடுகிறது. குறைவென்றால் இதெல்லாம் ஏன்?"

அந்த அம்மாவுக்கு என்ன என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது. ஆய்வுகூடம் வழக்கமாகத் தரும் எண் மொத்த மருந்து. ஒரு லீட்டர் சீரத்தில் 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது கணக்கு. அதில் பத்தில் ஒன்பது பங்கு அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒட்டாமல் திரியும் மீதிதான் மூளைக்குள் போகிறது, வலிப்பை அடக்குகிறது, கூடிப்போனால் தள்ளாடவும் வைக்கிறது.

இரத்தினபுரி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசனத்தில் இருப்பவர் அல்புமினோடு ஒட்டிய மருந்து. மிதிபலகையில் நிற்பவர் ஒட்டாத மருந்து. வழியில் இறங்க அவரால்தான் முடியும். அவர் இறங்கினால் ஆசனத்திலிருந்து ஒருவர் எழுந்து அங்கே வருவார். இப்போது பாதி ஆசனங்களைக் கழற்றிவிடுங்கள். சாப்பாடு குறைந்து மெலிந்தவரிடமும் ஈரல் நோயாளியிடமும் கர்ப்பிணியிடமும் அல்புமின் குறையும்போது நடப்பது இதுதான். இடம் போனவர்கள் மிதிபலகைக்கு வந்து, ஈரல் என்ற தரிப்பிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். சில நாளில் மிதிபலகையில் பழைய அளவு கூட்டமே நிற்கும். மொத்தத் தலைகள்தான் குறைந்திருக்கும். தலையை மட்டும் எண்ணுபவர் ஆள் போதாதென்று மேலும் ஏற்றுவார். ஏறியவர்களுக்கு ஆசனம் ஏது? மிதிபலகை பிதுங்கும். ஈரல் தரிப்பிடத்தின் வாசலும் குறுகல். அது நிறைந்தபின் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறும். கூடவே வல்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையும் குடித்தால், அது ஆசனத்தில் இருப்பவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும்.

எண்ணில் பார்ப்போம். அல்புமின் டெசிலீட்டருக்கு 2 கிராம்தான், மொத்த மருந்து லீட்டருக்கு 7 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஷைனரும் டோசரும் தந்த சூத்திரப்படி, அல்புமினை 0.2 ஆல் பெருக்கி 0.1 ஐக் கூட்டினால் 0.5. அதனால் 7 ஐ வகுத்தால் 14. பார்வைக்குக் குறைவான 7, அல்புமின் சரியாக உள்ளவரின் 14 க்குச் சமம். இது மதிப்பீடுதான், சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் கணக்கு மாறும். ஒட்டாத மருந்தை மட்டும் வடிகட்டி அளக்கும் சோதனை இருக்கிறது. ஆனால் அது எல்லா ஊரிலும் கிடைக்காது.

வரலாறு இவ்வளவு போதும்: பெனிட்டோயினை 1908 இல் ஜெர்மனியில் பில்ட்ஸ் தயாரித்தார். வலிப்பை அது அடக்கும் என்று 1938 இல் மெரிட்டும் பட்னமும் காட்டினார்கள்.

மூளைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படி அறிவது? என்னை மயக்கும் இடம் இது. நுண்ணிய குழாயொன்றின் நுனியில் சவ்வு. உள்ளே நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலீட்டர் வேகத்தில் திரவம் ஓடுகிறது. சவ்வின் துளையில் அல்புமின் நுழையாது. ஒட்டாத மருந்து நுழையும். மறுமுனையில் சொட்டுவதைச் சேர்த்து அளக்கிறார்கள். மைக்ரோ டயாலிசிஸ் என்ற இந்த முறையில் அமெரிக்க ஆய்வாளர்கள் 1994 இல் வலிப்பு நோயாளிகளின் மூளையிலேயே பெனிட்டோயினை அளந்தார்கள். ஆனால் ஓடும் திரவத்தில் மருந்து முழுதாக வந்து சேராது. எத்தனை பங்கு சேர்ந்தது என்று தனியே கணிக்க வேண்டும். அதோடு பெனிட்டோயின் பிளாஸ்டிக்கில் ஒட்டக்கூடியது. வழியிலேயே குழாய்ச் சுவர் அதைப் பிடித்துவைத்தால், மூளையில் மருந்து குறைவு என்று தவறாக எழுதிவிடுவோம். சுவீடன் ஆய்வாளர்கள் லிண்ட்பெர்கர், டாம்சன், ஸ்டோலெ ஆகியோர் தோலடித் திரவத்திலும் மூளையுறைக்குக் கீழுள்ள திரவத்திலும் அளந்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒட்டலையே முக்கியக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். மூளை மருந்தை நேரடியாகக் காட்டும் கருவி வந்துவிட்டது என்று செய்தி வந்தால், இந்தக் குழாய்க் கணக்கைச் சரிபார்த்தார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன். இன்னொரு நம்பிக்கையையும் இப்படித்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்: மருந்தை மூளையிலிருந்து வெளியே தள்ளும் புரதத்தைத் தடுத்தால் அடங்காத வலிப்பும் அடங்கும் என்று 1990 களின் நடுவிலிருந்து பேசுகிறார்கள். அப்படித் தடுக்கும் மருந்து எதுவும் வழக்கமான சிகிச்சையாக இன்னும் கிளினிக்குக்கு வரவில்லை.

அம்மாவின் அல்புமின் எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். சாதாரண ஆய்வுகூடமே அதைப் பார்த்துச் சொல்லும். தள்ளாட்டத்தை உடனே தெரிவியுங்கள். பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். இரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு உமிழ்நீரில் அளக்கும் வழியும் உண்டு. பெனிட்டோயின், இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமசெபின் இரண்டிலும் ஒட்டாத பங்குதான் உமிழ்நீருக்கு வரும். வல்புரோயேட்டுக்கு இந்த வழியை நம்ப முடியாது. மாத்திரைத் துகள் வாயில் ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பிவிடும்.