வெண்புள்ளி கண்ட தொட்டியில் கப்பிக் குஞ்சுகள்

மார்கழி, தை மாதங்களில் கல்வராயன் மலையில் இரவுக் குளிர் கூடும். அப்போது கப்பி மீன்களின் உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றலாம். இது நீரில் பரவும் ஒட்டுண்ணி நோய். ஒரு தாய் மாதத்துக்கு ஒருமுறை 20 முதல் 50 குஞ்சுகள் ஈனும். விற்பனைக்கு வளர்ப்பவருக்கு அவைதான் வருமானம். நோய் முதலில் கொண்டுபோவதும் அவற்றைத்தான்.

உடலில் ஒட்டியிருக்கும் புள்ளியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, தொட்டியின் அடியில் பெருகி, மறுபடி நீந்தி வரும்போதுதான் சாகும். குளிர்ந்த நீரில் இந்தச் சுழற்சி வாரக்கணக்கில் நீளும். எனவே ஹீட்டர் வைத்து, நீரை மெதுவாக 28 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். காற்றுக்குழாயை நிறுத்தக் கூடாது.

மாலகைட் பச்சை பிஞ்சுக் குஞ்சுகளுக்கு ஆகாது. அயோடின் சேர்க்காத கல்லுப்பே நல்லது. லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், 50 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம். கரைத்து, இரண்டு நாட்களில் பிரித்து ஊற்றவும். செடிகளை முன்பே எடுத்துவிட வேண்டும். தினமும் அடித்தண்ணீரில் 12 லிட்டரை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்தால், புதுநீரில் 24 கிராம் உப்பு மட்டும் சேர்த்தால் போதும். பலர் இங்கேதான் முழு அளவையும் மறுபடி கொட்டிவிடுகிறார்கள்.

தாய் தன் குஞ்சையே தின்னும். ஆனால் நிறைசூல் மீனைப் பிடித்து இடம் மாற்றினால் குறைப்பிரசவம் ஆகலாம். தொட்டிக்குள்ளேயே வலைத்தடுப்பு போடலாம். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் உப்பு தொடரட்டும்.

கழிவுநீரை ஓடையில் விடக் கூடாது. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் இந்த மலையில்தான் பிறக்கின்றன. கப்பியோ தென் அமெரிக்க மீன்.