தேநீரின் நிறமும் திறமும்

விடியற்காலை 4 மணி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் குளிர் இன்னும் விலகவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் இரவுப் பணியாளர்களுக்கு உறக்கம் கண்ணை அழுத்தும் வேளை அது. அவர்கள் நாடுவது சூடான ஒரு குவளைத் தேநீர். கர்நாடக எல்லையை ஒட்டிய அப்பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எனப் பல மொழிகள் ஒலிக்கின்றன. ஒருவர் ‘டீ’ என்கிறார். மற்றொருவர் ‘சாய்’ என்கிறார். இரண்டுக்கும் வேர் சீன மொழியே. ஃபூஜியன் கடற்கரை வழக்கான ‘தே’ என்பதோடு இலை, நீர் என்னும் தன் சொற்களைச் சேர்த்துத் தேயிலை, தேநீர் என ஆக்கிக்கொண்டது தமிழ்.

ஒரு செடி, பல வகை

பச்சைத் தேநீர், ஊலாங், கருந்தேநீர், வெண்தேநீர் ஆகிய அனைத்தும் கமெலியா சினென்சிஸ் என்னும் ஒரே செடியிலிருந்து கிடைப்பவை. பறித்த இலை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எந்த அளவுக்கு வினைபுரிகிறது என்பதே வகைகளை வேறுபடுத்துகிறது. பறித்தவுடன் இலையைச் சூடாக்கினால் அதிலுள்ள நொதி செயலிழக்கும். இலை பசுமை மாறாது. இது பச்சைத் தேயிலை. வாட்டி, உருட்டி, முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையவிட்டால் கருந்தேயிலை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஊலாங். சீனாவின் ஃபூஜியனும் தைவானும் இதற்குப் புகழ்பெற்றவை. இளம் மொட்டுகளை வாட்டி உலர்த்துவதால் கிடைப்பது வெண்தேயிலை.

நீலகிரியில் விளையும் தேயிலையின் பெரும்பகுதி, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திர முறையில் சிறு மணிகளாகிறது. தேநீர்க் கடைகளில் பயன்படும் தூள் இவ்வகையைச் சார்ந்தது.

நிறம் காட்டாத உண்மை

அடர்ந்த நிறமுடைய தேநீரில் காஃபின் மிகுதி என்பது பரவலான எண்ணம். ஆக்சிஜனேற்றத்தால் மாறுவன இலையின் நிறம், மணம், சுவை ஆகியவையே. காஃபின் பெரிதும் மாறுவதில்லை. உலர்ந்த தேயிலையின் எடையில் அது பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும்.

குவளைக்குள் இறங்கும் அளவை முடிவு செய்பவை வேறு. முதிர்ந்த இலையைவிடத் தளிரிலும் மொட்டிலும் காஃபின் மிகுதி. மென்தளிரைப் பூச்சிகளிடமிருந்து காக்கச் செடி கொண்டுள்ள வேதிக்காப்பு அது. எனவே வெளிறிய நிறமுடைய வெண்தேநீரிலும் காஃபின் கணிசமாக இருக்கக்கூடும். சற்று முதிர்ந்த இலைகளால் ஆக்கப்படும் ஊலாங்கில் அது குறையக்கூடும். முழு இலையைவிடத் தூள் விரைந்து சாறு விடும். நீரின் வெப்பமும் ஊறும் நேரமும் கூடக் காஃபினும் கூடும். பச்சைத் தேநீர் பொதுவாகக் குறைந்த காஃபின் தருவதற்கு, அது குறைந்த சூட்டில் சிறிது நேரமே ஊறவைக்கப்படுவதும் ஒரு காரணம்.

களைப்பை மறைக்கும் திரை

மனிதர் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் பொருந்தும்போது உறக்கம் வருகிறது. காஃபின் அவ்வேற்பிகளில் முந்திச்சென்று அமர்ந்துகொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, அதன் அழைப்பு மட்டுமே கேட்காமல் போகிறது. ஆகவே தேநீர் களைப்பைப் போக்குவதில்லை, மறைக்கிறது. உடலுக்கு உறக்கம் செலுத்த வேண்டிய கடன் அப்படியே நிற்கிறது.

உடலிலுள்ள காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். இது ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒரு குவளைக்கு 2 கிராம் தூள், அதில் 3 விழுக்காடு காஃபின் எனக் கொண்டால் 60 மில்லிகிராம். அதில் 50 மில்லிகிராம் நீரில் இறங்குவதாகக் கொள்வோம். விடியற்காலை 4 மணிக்கு இரு குவளை அருந்தியவர் உடலில் காலை 9 மணிக்கும் 50 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். 6 மணிக்குப் பணி முடித்து 8 மணிக்குப் படுத்தவர் புரண்டுகொண்டிருப்பதன் காரணம் இதுவே. அதே இரு குவளையை இரவு 11 மணிக்கு அருந்தியிருந்தால், காலை 9 மணிக்கு எஞ்சுவது 25 மில்லிகிராம் மட்டுமே. மாறியது தேநீரன்று, வேளை.

அளவும் வேளையும்

உடல்நலமுள்ள வளர்ந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபின் கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ஆம் ஆண்டில் வரையறுத்தது. வளரிளம் பருவத்தினருக்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் என்பது அதன் அளவுகோல். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவருக்கு இது 150 மில்லிகிராம். மேற்கண்ட கணக்கின்படி மூன்று குவளை. காபியும் கோலா பானங்களும் இக்கணக்கில் அடங்கும்.

தேர்வுக்கு முந்திய இரவில் தேநீரின் துணையோடு விழித்திருக்கும் மாணவரின் நிலையும் இரவுப் பணியாளரின் நிலையும் ஒன்றே. படித்தது நினைவில் நிலைக்க உறக்கம் வேண்டும். இயந்திரத்தின் முன் கை பிசகாதிருக்கவும் உறக்கம் வேண்டும். பச்சை, கருமை, ஊலாங் என எவ்வகையாயினும் தேநீர் அந்த உறக்கத்திற்கு ஈடாகாது. அளவறிந்து, வேளையறிந்து அருந்துவோருக்கே அது நல்ல துணையாகிறது.