அயலாரா, சொந்தக்காரரா?

பிள்ளைகளே, உங்களுக்குச் சிங்களம் பேசும் தோழர் யாராவது இருந்தால், ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எக்க, தெக்க, துன, ஹதர, பஹ, ஹய, ஹத, அட்ட, நமய, தஹய. அதன் பக்கத்தில் நம் எண்களை எழுதுங்கள். மூன்றாவது வரிசையில் மலையாளம்: ஒன்னு, ரண்டு, மூன்னு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நான்காவதில் ஹிந்தி: ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, சாத், ஆட், நௌ, தஸ்.

இப்போது தாளைப் பாருங்கள். தமிழும் மலையாளமும் ஒரு பக்கம் சேர்கின்றன. சிங்களமும் ஹிந்தியும் மறுபக்கம் போகின்றன. வெள்ளவத்தையில் ஒரே கடைவாசலில் நாள் முழுக்கக் கேட்கிற இரண்டு மொழிகள், எண்ணத் தொடங்கியதும் இப்படிப் பிரிந்துவிடுகின்றனவே! கடலுக்கு அப்பால் மாலைதீவில் பேசும் திவேகி மொழியிலோ நான்கு என்பது ‘ஹதரெ’. சிங்களத்தின் மிக நெருங்கிய உறவு அந்த மொழிதான்.

ஐரோப்பாவிலும் இதே நிலையில் ஒரு மொழி இருக்கிறது. போலந்து நாட்டின் மேற்கு எல்லையில் ஜெர்மனி. தெற்கில் செக், கிழக்கில் உக்ரைன், பெலாரஸ். போலிஷ் மொழியை ஜெர்மன் எழுதும் அதே லத்தீன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். உக்ரைனியனும் ரஷ்யனும் சிரில்லிக் எழுத்தில் இருக்கின்றன. எழுத்தை மட்டும் பார்ப்பவர் போலிஷை ஜெர்மனோடு சேர்த்துவிடுவார். நம் தமிழும் சிங்களமும்கூடப் பழைய பிராமி எழுத்திலிருந்து வந்த எழுத்துகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே எழுத்து வழி என்பதால் மொழிகள் சொந்தமாகிவிடுவதில்லை.

சரி, சொற்களைப் பார்ப்போம். கூரைக்கு ஜெர்மனில் ‘தாஹ்’, போலிஷிலும் ‘தாஹ்’. சர்க்கரைக்கு ஜெர்மனில் ‘ட்சுக்கர்’, போலிஷில் ‘ட்சுக்யெர்’. (இது இந்தியாவில் புறப்பட்டு, அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல், நம் ‘சர்க்கரை’யும் அதே கூட்டம்தான்.) ஜெர்மனும் சும்மா இருக்கவில்லை. வெள்ளரிக்காயின் பெயரைப் போலந்துப் பக்கமிருந்துதான் எடுத்துக்கொண்டது. அயலார் என்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தானே செய்யும்?

கொழும்பில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். சந்தைக்குப் போனால் சிங்களத்தில் கேளுங்கள்: கடைக்குக் ‘கடே’, கடைக்காரருக்கு ‘முதலாளி’, கடலைக்குக் ‘கடல’, முருங்கைக்கு ‘முருங்கா’, அப்பத்துக்கு ‘ஆப்ப’. எல்லாம் தமிழிலிருந்து போனவை. நாம் பௌத்த விகாரையைப் ‘பன்சலை’ என்று சொல்வது சிங்களத்திலிருந்து வந்தது. 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். அவர்களிடமிருந்து இரண்டு மொழிகளும் பாண், மேசை, அலுமாரி, சப்பாத்து என்று வாங்கின. பின்னால் வந்த ஒல்லாந்தர் ‘கந்தோர்’ தந்தார்கள். இப்படிக் கடன் வாங்குவதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நூற்றாண்டுக் கணக்காக ஒரே சந்தையில் நின்று பேசியவர்களின் சாட்சி அது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அப்பம், மேசை, சப்பாத்து, சர்க்கரை... இவையெல்லாம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறக்கூடிய பொருள்கள். பொருள் வரும்போது பெயரும் கூடவே வந்துவிடும். கண், கல், வாய் போன்ற சொற்கள் அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. அதனால் உறவைத் தேடுகிற ஆய்வாளர் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

அங்கேயும் ‘கேட்க ஒன்றுபோல இருக்கிறது’ என்றால் போதாது. மாற்றம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். இதுதான் இந்த அறிவியலின் உயிர். தமிழில் பால், கன்னடத்தில் ‘ஹாலு’. பல் அங்கே ‘ஹல்லு’. பூ ‘ஹூவு’. பத்து ‘ஹத்து’. சொல்லின் முதலில் நமக்கு ப இருக்கும் இடத்தில் கன்னடத்தில் ஹ வருகிறது. ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் தற்செயல் எனலாம். வரிசையாக நடந்தால் இரண்டு மொழிகளும் ஒரே தாயிலிருந்து பிரிந்தவை என்று அர்த்தம். போலிஷுக்கும் செக்குக்கும் இடையிலும் இப்படி ஒரு ஒழுங்கு உண்டு. போலிஷில் கால் ‘நோகா’, செக்கில் ‘நோஹா’. தலை அங்கே ‘க்வோவா’, இங்கே ‘ஹ்லவா’. ஒன்றில் க வரும் இடத்தில் மற்றதில் ஹ.

இலக்கணமும் அதையே சொல்கிறது. நாம் வேற்றுமை படிக்கிறோமே, போலிஷில் ஏழு வேற்றுமை, செக்கிலும் ஏழு, ரஷ்யனில் ஆறு. ஜெர்மனில் நான்குதான். போலிஷ் ஜெர்மனுக்கு அயல், செக்குக்கும் ரஷ்யனுக்கும் சொந்தம். இந்தக் குடும்பத்துக்கு ஸ்லாவிக் என்று பெயர்.

ஜெர்மன் போலிஷுக்கு முழு அந்நியமா என்றால், இல்லை. இன்னும் பல ஆயிரம் ஆண்டு பின்னால் போனால் அவை இரண்டும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். அந்தப் பாட்டிக்கு இந்தோ-ஐரோப்பிய மொழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹிந்தியும் சிங்களமும் அவளுடைய பேரப்பிள்ளைகள்தான்! நம் தாளுக்குத் திரும்புங்கள். சிங்களத்தில் இரண்டு ‘தெக்க’, ஜெர்மனில் ‘ட்ஸ்வை’. பத்து சிங்களத்தில் ‘தஹய’, ஜெர்மனில் ‘ட்ஸேன்’. த இருந்த இடத்தில் இரண்டு முறையும் ‘ட்ஸ்’. ஏழுக்கு ஹிந்தியில் ‘சாத்’, சிங்களத்தில் ‘ஹத’. பத்துக்கு அங்கே ‘தஸ்’, இங்கே ‘தஹய’. பழைய ஸ சிங்களத்தில் ஹ ஆகியிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் உள்ளவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சிங்களப் பலகையில் வாசித்துப் பாருங்கள்: ‘கொட்டஹேன’. நம் சே, அவர்களின் ஹே.

சிங்களத்தை இப்படி நுணுக்கமாக ஆராய்ந்தவர் வில்ஹெல்ம் கைகர் என்ற ஜெர்மானியர். அவர் எழுதிய சிங்கள இலக்கணத்தை 1938இல் கொழும்பில் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் கிளை வெளியிட்டது. நம் குடும்பத்தைப் பற்றி 1816இலேயே சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி எழுதினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம், அது சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை என்று காட்டினார். கால்டுவெல்லின் பெரிய ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது.

உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் இங்கே கையை உயர்த்துவார்: “நம் எட்டும் சிங்கள அட்டவும் ஒன்றுபோல இருக்கின்றனவே?” நல்ல கேள்வி. ஜெர்மனின் ‘ஆஹ்ட்’டைக்கூடச் சேர்க்கலாம். ஆனால் எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள். எட்டுக்குள் பழைய ‘எண்’ ஒளிந்திருக்கிறது. கன்னடத்தில் எட்டு ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. சிங்கள அட்டவோ சமஸ்கிருத ‘அஷ்ட’விலிருந்து வருவது. வெவ்வேறு வழியில் வந்த இரண்டு சொற்கள் தற்செயலாக ஒரே முகம் பெற்றுவிட்டன.

எண்களையும் ஓர் அளவுக்குத்தான் நம்பலாம். பாகிஸ்தானின் பலூச்சிஸ்தானில் பிராகூயி என்று ஒரு மொழி இருக்கிறது. அதில் இரண்டு ‘இரட்’, மூன்று ‘முசிட்’. நான்குக்கு வந்ததும் ‘சார்’ என்கிறார்கள். அதற்கு மேல் எல்லாம் அயல்மொழி எண்கள். சந்தைக் கணக்கில் எண்ணும் கைமாறிவிட்டது. எண்களோடு நின்றிருந்தால் இந்த மொழியின் சொந்தக்காரர் யார் என்று தடுமாறியிருப்போம். ஆனால் கண்ணுக்கு அவர்கள் சொல்வது ‘ஃகன்’, கல்லுக்கு ‘ஃகல்’. இரண்டிலும் நம் க தொண்டையில் உரசிக்கொண்டு வருகிறது, ஒரே ஒழுங்கில்.