இருட்டறைக்கு வேண்டிய இரசாயனப் பொருள்கள்



குற்றாலத்துப் பேரருவியைப் பிலிமில் படம் பிடிப்பது கடினமன்று. பிடித்த பிலிமை இருட்டறையில் நாமே கழுவி எடுப்பதும் அத்துணைக் கடினமன்று. அதற்கு வேண்டிய இரசாயனப் பொருள்களைக் காசு கொடுத்து வாங்குவதுதான் இன்று கடினமாயிருக்கிறது. தென்காசியில் இருந்துகொண்டு, கறுப்பு வெள்ளைப் படமெடுத்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் நான். இத்தொல்லை எதனால் நேர்ந்தது, இதனைக் கடக்கும் வழி யாது என்பவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வேண்டிய பொருள்கள் யாவை என்பதை முதலில் காண்போம். ஒளிபட்ட பிலிமில் மறைந்துள்ள உருவத்தைத் துலக்குவது டெவலப்பர். எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கிப் படத்தை நிலைநிறுத்துவது, ஹைப்போ என்று வழங்கும் சோடியம் தயோசல்பேட். அதற்கு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் ஆற்றல் உண்டென்பதை ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் 1819-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்.

டெவலப்பர்களுள் பெயர்பெற்றது டி-76. அதன் சேர்மானம் இரகசியமன்று. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், வெங்காரம் 2 கிராம், அவ்வளவே. முதல் இரண்டும் உருவைத் துலக்குகின்றன. சல்பைட் அவை காற்றால் கெடாமல் காக்கிறது. வெங்காரம் காரத்தன்மையைத் தருகிறது.

இவை ஏன் கிடைப்பதில்லை? பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவனை நம்பி எவரும் கடை வைத்ததில்லை. ஸ்டூடியோக்களுக்கும் எக்ஸ்ரே நிலையங்களுக்கும் வந்த சரக்கில் ஒரு பொட்டலம் அவனுக்கும் கிடைத்துவந்தது. வண்ணப்படம் பரவியதும் ஸ்டூடியோவின் இருட்டறை மூடப்பட்டது. பின்னர் டிஜிட்டல் காமிரா வந்தது. எக்ஸ்ரேயும் கணினித் திரைக்கு மாறிற்று. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்னும் பெயரில் பிலிமும் காகிதமும் தந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் இயக்கத்தை நிறுத்திவிட்டது. பெரிய வாடிக்கைக்காரர் விலகியதும் சிறியவனுக்கு வந்த பொட்டலமும் நின்றுபோயிற்று. இதில் கடைக்காரரைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை.

ஆய்வகப் பொருள் விற்போரிடம் தனித்தனியாக வாங்கலாமே என்பீர்கள். அங்கே அளவு ஒரு தடை. மெட்டால் 100 கிராம் புட்டி ஒன்று வாங்கினால், அது 50 லிட்டர் டெவலப்பருக்குப் போதும். லிட்டருக்கு நான்கு சுருள் என்று கொண்டால் 200 சுருள். மாதம் ஒரு சுருள் கழுவுபவனுக்கு அது பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வரும்! ஆனி, ஆடி மாதச் சாரலில் குற்றாலத்துக் காற்று எத்துணை ஈரமானது என்பதை அறிவீர்கள். அந்த ஈரத்தில், திறந்த புட்டி அதற்கு நெடுநாள் முன்பே பழுப்பேறிக் கெட்டுவிடும். சல்பைட்டோ இதற்கு நேர்மாறு; 500 கிராம் புட்டி ஐந்தே லிட்டரில் தீர்ந்துவிடும். மேலும், கல்லூரிக் கடிதம் இருந்தால்தான் தருவோம் என்று சொல்லும் விற்பனையாளரும் உளர். என்னிடமும் ஒருவர் அவ்வாறே கேட்டார். அமில விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடுகள் விதித்தது. வாங்குவோர் அடையாளச் சான்று காட்டவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது. மனிதர் முகத்தில் அமிலம் வீசும் கொடுமையைத் தடுக்க எழுந்த ஆணை அது. அதனை நாம் மதிக்கவே வேண்டும்.

எனவே, பொட்டலத்தின் பெயரை விட்டுப் பொருளின் பெயரைத் தேடுவதே வழி. ஹைப்போ, குழாய்நீரின் குளோரினைப் போக்கும் பொருளாக வண்ணமீன் கடைகளில் விற்கப்படுகிறது. வெங்காரம் நாட்டுமருந்துக் கடைச் சரக்கு. டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசலுக்கு, ஒரு பங்கு வினிகரில் இரு பங்கு நீர் சேர்த்தால் போதும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்பவரும் அவருடைய மாணவரும் 1995-இல் இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சலவைச் சோடாவையும் கொண்டே பிலிமைத் துலக்கிக் காட்டினர். பின்வந்தோர் அதில் வைட்டமின் சி தூளையும் சேர்த்தனர். மளிகைக் கடையில் கேட்கும்போது, ஆப்பச் சோடா வேறு, சலவைச் சோடா வேறு என்பதை மறவாதீர்கள்.

மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் மளிகைக் கடையில் கிடைப்பதில்லை. ஆர்வமுள்ள மாணவர் ஐவரோ பதின்மரோ கூடி, வேதியியல் ஆசிரியர் துணையுடன் கல்லூரியின் பெயரால் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். அப்போது பதினாறு ஆண்டுச் சரக்கு சில ஆண்டுகளில் செலவாகும், கெட்டும் போகாது. புட்டிதோறும் பெயரும் தேதியும் எழுதுங்கள். குடிநீர்ப் புட்டியில் எதனையும் ஊற்றி வைக்காதீர்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். ஆகையால் கையுறை அணியுங்கள். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதனைச் சிற்றாற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் தனிக் கலத்தில் சேர்த்து, கல்லூரி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள்.

கடையில் ஆயத்தப் பொட்டலம் கிடைத்த காலத்தில், அதனுள் என்ன இருக்கிறதென்று பலர் கேட்டதில்லை. இன்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்க்கே இருட்டறை வாய்க்கிறது. வேதியியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் சிவப்பு விளக்கின் அடியில், வெறுங்காகிதத்தில் அருவியாக உருவெடுப்பதைக் காணும் வாய்ப்பை இழந்துவிடாதீர்கள்.