பழைய கூண்டு வண்டியைப் புதுப்பிக்கும் முறை

பஸ்ஸும் மோட்டாரும் பெருகுவதற்கு முன், கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை சென்று வருவது பல கிராமத்தாருக்குக் கூண்டு வண்டிப் பிரயாணமாகவே இருந்தது. வேலூர், செங்கம், திருக்கோவிலூர், வேட்டவலம், அவலூர்ப்பேட்டை ஆகிய திசைகளிலிருந்து வரும் பாதைகளெல்லாம் அந்நகரில் வந்து கூடுகின்றன. அப்பாதைகளில் குடும்பத்தோடு வந்தவர்கள் வண்டியின் கூண்டுக்குள் படுத்துறங்கினர். வண்டியின் நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்தனர். தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் காளை வாங்கியவர் அதே வண்டியில் அதைப் பூட்டி ஊர் திரும்புவதும் உண்டு. ஆகவே கூண்டு வண்டியானது நம் குடியானவருக்கு வாகனமாக மட்டுமன்றிச் சின்னாட்களுக்கு வீடாகவும் உதவியது.

இன்று அத்தகைய வண்டிகள் பல, களத்தோரத்திலும் மாட்டுக்கொட்டகையின் பின்புறத்திலும் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து கிடக்கின்றன. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டுக்கும் 2019-ஆம் ஆண்டுக்கும் இடையே ஆண் மாட்டினம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்துவிட்டதென்று கால்நடைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. எனினும் காளை வைத்திருக்கும் சிறு குடியானவருக்கு எரு அடிக்கவும், தீவனம் கொண்டுவரவும், அறுவடையைக் களம் சேர்க்கவும் வண்டி இன்றும் பயன்படும். அப்படிப்பட்டவர் பாட்டனார் காலத்து வண்டியைப் பழுதுபார்க்க எண்ணும்போது எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வரிசை தவறினால் செலவழித்த பணம் வீணாவதோடு வாயில்லாப் பிராணிக்கும் துன்பம் நேரும்.

பலர் செய்யும் தவறு யாதெனில், கண்ணுக்குத் தெரிவதை முதலில் செய்வதாகும். ஒருவர் கடன் வாங்கிக் கூண்டுக்குப் புதிய பாய் கட்டி, சட்டங்களுக்குப் பச்சையும் சிவப்புமாக வர்ணம் பூசி, மாட்டுக்குச் சலங்கையும் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக் குடம் விரிந்தும் ஆரக்கால்கள் ஆடியும் இருப்பதை அவர் பார்க்கவில்லை. பாரம் ஏற்றிய முதல் பிரயாணத்திலேயே பள்ளத்தில் சக்கரம் நொறுங்கும். வண்டியும் போயிற்று, கடன் மட்டும் நின்றது. எனவே கீழிருந்து மேலாக வேலை செய்ய வேண்டும் என்பதே நாம் மனத்திற் கொள்ளவேண்டிய விதி. சக்கரம், அச்சு, சட்டம், நுகம், கூண்டு, வர்ணம் என்பது அதன் வரிசை.

1. முதலில் சோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அச்சுக்கடியில் கட்டை கொடுத்துச் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி வைக்கவேண்டும். பின்னர்ச் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டிப் பார்க்கவேண்டும். மிகுதியாக ஆடினால் குடத்தின் துளையோ அச்சின் முனையோ தேய்ந்திருக்கிறது என்பது பொருள். அடுத்து, ஒரு குச்சியை வட்டையின் அருகில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். வட்டை ஓரிடத்தில் குச்சியைத் தொட்டும் வேறோரிடத்தில் விலகியும் சென்றால் சக்கரம் கோணியிருக்கிறது.

மரத்தைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்ப்பது பழைய தச்சர்களின் வழக்கம். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே உளுத்த மரம் பொத்தென்று சத்தமிடும். கூரிய ஊசியால் குத்தினால் உளுத்த இடத்தில் எளிதாக இறங்கும். மழைநீர் தங்கும் பொருத்துவாய்களையும், அச்சின்மேல் அமரும் தெப்பக்கட்டையையும், ஏர்க்காலின் அடிப்பகுதியையும் தவறாமல் சோதிக்கவேண்டும். மரத்தில் சிறு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் காணப்பட்டால் வண்டு துளைக்கிறது என்று அறியலாம்.

குடமும் அச்சும் தெப்பக்கட்டையும் நன்றாயிருந்தால் வண்டி புதுப்பிக்கத் தக்கது. இம்மூன்றும் கெட்டிருந்தால் பழுதுபார்க்கும் செலவு புதிய வண்டியின் விலையை நெருங்கிவிடும். அப்போது பழைய வண்டியின்மீதுள்ள பாசத்தால் கடன்படுவதைக் காட்டிலும், நல்ல சட்டங்களைக் கழற்றி வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதே விவேகமாகும்.

2. சக்கரம்

நம் பக்கத்து மரச்சக்கரத்தில் நடுவே குடம், அதிலிருந்து புறப்படும் ஆரக்கால்கள், அவற்றின் முனைகளை இணைக்கும் வட்டைகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டை என நான்கு பகுதிகள் உண்டு. பெரும்பாலும் ஆறு வட்டைகளும், வட்டைக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஆரக்கால்களும் இருக்கும். இவற்றுக்குக் கருவேலம் மிகவும் ஏற்றது. அது கனமும் உறுதியும் உள்ளது, அடி தாங்கும். பச்சை மரத்தை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. வெட்டிய மரத்தைப் பல மாதங்கள் நீரில் ஊறவைத்துப் பின் நிழலில் உலர்த்தி எடுப்பது நம் முன்னோர் வழக்கம். ஊறுவதால் மரத்தின் பசை நீங்கி, வண்டு துளைப்பது குறைகிறது.

மரம் காயும்போது குறுக்கே சுருங்கும். நெடுகே அநேகமாகச் சுருங்காது. இதனாலேயே பங்குனி, சித்திரை வெயிலில் குடமும் வட்டையும் சுருங்கி, ஆரக்காலின் பொருத்துக்கள் தளர்ந்து, இரும்புப் பட்டை லொடலொடவென்று ஆடுகிறது. உடனே சக்கரத்தைக் கழற்றி ஏரியில் ஊறப்போடுவது வழக்கம். இதனால் மரம் உப்பி இறுகுவது உண்மையே. ஆயினும் மீண்டும் காய்ந்தவுடன் பழைய தளர்ச்சி வந்துவிடும். அடிக்கடி நனைவதால் பொருத்துவாயில் மரமும் மக்கும். வழியில் அகப்பட்டவர் செய்துகொள்ளும் அவசர உபாயம் அது. சக்கரத்தைச் சீர்செய்யப் பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டுவதே முறை.

பட்டை மாட்டும் தத்துவம் எளியது. இரும்பு சூட்டினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 188 அங்குலம். அந்நீளமுள்ள இரும்புப் பட்டை 100 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் சுமார் கால் அங்குலம் நீளும். 400 டிகிரி ஏறினால் சுமார் முக்காலே அரைக்கால் அங்குலம் நீளும். கொல்லர் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக வெட்டிப் பற்றவைத்து, வறட்டியைச் சுற்றிலும் அடுக்கிக் காய்ச்சுகிறார். விரிந்த பட்டையைக் குறட்டினால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுகிறார். பட்டை சுருங்கும்போது வட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கி, ஆரக்கால்களைக் குடத்துக்குள் அழுத்திவிடுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, பட்டை மாட்டுமுன் வட்டைகளின் சந்திப்பில் சிறிது இடைவெளி இருத்தல் வேண்டும். அவை முன்னமே முட்டிக்கொண்டிருந்தால் பட்டையின் இறுக்கம் ஆரக்கால்களைச் சென்றடையாது. இரண்டாவது, பட்டையை அளவுக்குமேல் குறைத்துவிட்டால் ஆரக்கால்கள் வளைந்து சக்கரம் கோணும். ஆதலால் தச்சரும் கொல்லரும் சேர்ந்து அளவு பார்க்கவேண்டிய வேலை இது. ஒருவர் செய்ததை மற்றவர் பாராமல் மாட்டிவிடுவது கூடாது.

3. அச்சும் கடையாணியும்

பழைய மசகையும் மண்ணையும் முற்றிலும் சுரண்டித் துடைத்த பிறகே அச்சைப் பார்வையிட வேண்டும். அச்சு முனையில் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் கொல்லரிடம் காட்டவேண்டும். குடத்தின் துளைக்குள் பதித்த இரும்புக் குழல் ஆடினால் மரத்துண்டு செருகிச் சமாளிக்காமல் வேறு குழல் பதிப்பதே நலம். முற்காலத்தில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகிட்டனர். இப்போது கடைகளில் கிடைக்கும் கிரீஸையும் இடலாம். எதை இட்டாலும் அதில் மணல் சேரலாகாது. மணல் கலந்த மசகு, சாணைக்கல்லைப் போல் அச்சைத் தேய்த்துவிடும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேய்ந்த கடையாணிக்குப் பதிலாகக் கம்பியோ பெரிய ஆணியோ செருகி ஓட்டுவது பெரும் ஆபத்து. புதிய கடையாணியின் செலவு மிகச் சொற்பமே.

4. சட்டம், நுகம், பாரத்தின் சமநிலை

இருசக்கர வண்டியானது தராசைப் போன்றது. அச்சே அதன் முள். பாரம் முன்பக்கம் மிகுந்தால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பக்கம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். பழுதுபார்க்கும்போது முன்புறச் சட்டத்தைக் கனமாக மாற்றினாலும், கூண்டை முன்னே நீட்டிக் கட்டினாலும் இச்சமநிலை கெடுகிறது. வேலை முடிந்தபின் வழக்கமான பாரத்தை ஏற்றி, மாடு பூட்டாமல் ஓர் ஆள் நுகத்தடியைத் தூக்கிப் பார்க்கட்டும். நுகத்தில் சிறிது பாரம் இருக்கவேண்டும். ஆனால் ஓர் ஆள் வருந்தாமல் தூக்கும் அளவே இருக்கவேண்டும்.

நுகத்தடி மாட்டின் கழுத்திற் படும் இடம் வழவழப்பாக இருத்தல் அவசியம். சிறு சிராய் இருந்தாலும் கழுத்துப் புண் உண்டாகும்; புண்பட்ட மாட்டை ஆறும்வரை பூட்டலாகாது. இழுவைப் பிராணிகளைப் பற்றி 1965-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் செய்த விதிகளின்படி, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் மாட்டை வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரிக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவும் கூடாது. முள் வைத்த தார்க்குச்சியையும் அவ்விதிகள் தடுக்கின்றன.

5. கூண்டு

அடிப்பாகம் உறுதியானபின் கூண்டுக்கு வரலாம். கூண்டின் வளைவுகளுக்கு முற்றிய மூங்கிலைப் பிளந்த பிளாச்சுக்களே ஏற்றவை. மூன்று ஆண்டுக்குக் குறைந்த இளமூங்கில் விரைவில் வண்டுக்கு இரையாகும். வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறவைத்தால் வண்டு விரும்பும் மாச்சத்து பெரும்பாலும் கரைந்துவிடும். பிளாச்சை ஈரமாக இருக்கும்போதே வளைத்துக் கட்டிக் காயவிட வேண்டும். அதன்மேல் பாய் போர்த்து, மழைக்காலத்தில் தார்ப்பாயும் கட்டலாம்.

கூண்டை உயரமாகக் கட்டுவதில் பெருமையில்லை. உயரம் மிகுந்தால் காற்றில் வண்டி சாயும். கனமும் மேலே ஏறும். ஒருவர் உள்ளே நிமிர்ந்து உட்காரும் உயரமே போதும். முன்னும் பின்னும் திறந்திருந்தால் காற்றோட்டம் கிடைக்கும். வில்வண்டியாயின் எஃகு வில்லின் தகடுகளில் முறிவு உளதா என்று பார்க்கவேண்டும்.

வர்ணம் பூசுவது அலங்காரத்துக்காக மட்டுமன்று. பொருத்துவாய்களில் நீர் இறங்காமல் காப்பதற்குமாகும். ஆகையால் மரம் நன்கு காய்ந்தபின், உளுத்த பகுதியை நீக்கிவிட்டே பூசவேண்டும். கடைசியாக, வண்டியின் பின்புறம் ரிஃப்ளெக்டர் என்னும் ஒளிதிருப்பும் சிவப்புத் துண்டுகளை இருபுறமும் பொருத்துக. லாரியும் பஸ்ஸும் விரைந்து செல்லும் சாலையில் இருட்டில் செல்லும் வண்டிக்கு அவையே உயிர்க்காப்பு.

6. டயர்ச் சக்கரம் மாட்டலாமா?

மரச்சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டயர் மாட்டினால் மேடுபள்ளமான பாதையிலும் மணலிலும் இழுவை எளிதாகும், சாலையும் அறுபடாது. ஆனால் டயர்ச் சக்கரம் மரச்சக்கரத்தைவிட மிகத் தாழ்ந்தது. அதை அப்படியே மாட்டினால் ஏர்க்கால் தாழ்ந்து பாரம் முழுவதும் கழுத்தின்மேல் சரியும். தெப்பக்கட்டையை உயர்த்தி, ஏர்க்கால் மாட்டின் உயரத்துக்கு ஒத்து நிற்கும்படி செய்தல் வேண்டும். அன்றியும், இழுவை எளிதாயிற்று என்று பாரத்தை மட்டின்றி ஏற்றினால் மாட்டுக்குக் கிடைத்த நன்மை முழுவதும் போய்விடும்.

7. சங்கம் செய்யக்கூடியது

இந்தியாவில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1904-ஆம் ஆண்டில் பிறந்தது, குடியானவர் தனித்துச் செய்ய இயலாததைக் கூடிச் செய்வதற்கேயாகும். வண்டி வேலையில் இதற்கு நல்ல இடமுண்டு. ஒரு சக்கரத்துக்குப் பட்டை காய்ச்ச மூட்டும் நெருப்பிலேயே பல பட்டைகளை அடுக்கிக் காய்ச்சலாம். அதற்கு வேண்டிய ஆட்களும் வறட்டியும் தண்ணீரும் ஒரே தடவை திரட்டினால் போதும். அங்கத்தினர்கள் பத்துப் பேர் ஒரு நாளைக் குறித்துத் தங்கள் சக்கரங்களை ஓரிடத்திற் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். தச்சருக்கும் கொல்லருக்கும் ஒருங்கே வேலை கிடைக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சக்கரம் மட்டும் வருமாயின் அக்கைத்தொழிலைத் தம் மக்களுக்கு அவர்கள் கற்பிக்க மாட்டார்கள். பிறகு பணமிருந்தும் பட்டை மாட்ட ஆளிராது.

சங்கத்தின் துணைவிதிகள் இடந்தருமாயின் வண்டிக் கடனை மூன்று தவணையாகக் கொடுப்பது நன்று. மரத்துக்கும் சக்கர வேலைக்கும் முதல் தவணை. பட்டை மாட்டியதைப் பஞ்சாயத்தார் இருவர் பார்வையிட்டபின் சட்டத்துக்கும் நுகத்துக்கும் இரண்டாந் தவணை. பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தபின் கூண்டுக்கும் வர்ணத்துக்கும் மூன்றாந் தவணை. இவ்வாறு செய்தால் பணம் சக்கரத்துக்குப் போகாமல் சலங்கைக்குப் போய்விடும் என்ற அச்சமில்லை.

பழுதுபார்த்த கோயில் தேரைத் திருவிழாவுக்கு முன் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அதைப் போன்றே புதுப்பித்த வண்டியையும் முதலில் வெறுமையாகவும், பின் அரைப் பாரத்தோடும், அதன்பின் முழுப் பாரத்தோடும் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடேறியிருந்தால் மசகு போதவில்லை, அல்லது அச்சு நெருக்குகிறது. கடையாணியைப் பாருங்கள், மாட்டின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். இம்மூன்றும் குறைவற இருக்குமாயின், பெரியோர் விட்டுச்சென்ற வண்டி இன்னும் பல ஆண்டு குடும்பத்துக்கு உழைக்கும் என்று நம்பி வர்ணக் குடத்தைத் திறக்கலாம்.